லயத்தில் ஒரு மேசை

வீட்டின் ஒரு பகுதியை அலுவல் அறையாக அமைத்துக்கொள்வது எப்படி என்று விளக்கும் கட்டுரைகள் இந்நாளில் மிகுதி. சுவருக்கு இளம்பச்சை பூச வேண்டும்; மேசையைச் சாளரத்தின் அருகே இட வேண்டும்; முதுகை வருத்தாத நாற்காலி வேண்டும்; ஒரு பூந்தொட்டியும் ஓர் ஓவியமும் இருந்தால் உள்ளம் மலரும் என்றெல்லாம் அவை அறிவுரை கூறுகின்றன. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று உலகெங்கும் கோடிக்கணக்கானோரை வீட்டிலிருந்தே வேலை செய்ய வைத்தது. அதன்பின் இந்த அறிவுரை ஒரு தனி வாணிபமாகவே வளர்ந்துவிட்டது. இதை நான் இகழவில்லை. அழகான சூழலில் அமர்ந்து வேலை செய்ய விரும்புவது மனித இயல்பு. ஆனால் மேசையை எங்கே இடுவது என்ற கேள்விக்கு முன்னால் மற்றொரு கேள்வி நிற்கிறது: மேசை இடுவதற்கு யாரிடம் இடம் இருக்கிறது? மத்திய மலைநாட்டில், ஹட்டனை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1953இல் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் தோன்றுகிறது.

இலங்கையின் தேயிலைத் தொழிலே ஒரு வீட்டு விறாந்தையில்தான் பிறந்தது என்பதை வாசகர்கள் அறிந்திருக்கலாம். 1867இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தொடக்கத்தில் தொழிற்சாலை என்று தனியாக ஒன்றும் இல்லை. அவருடைய பங்களாவின் விறாந்தையில் மேசைகளைப் போட்டு, அவற்றின்மேல் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டு முதல் முழங்கை வரை கையாலேயே உருட்டினார்கள். மண்ணடுப்புகளில் கரி நெருப்பு மூட்டி உலர்த்தினார்கள். வீட்டையே வேலைத் தலமாக மாற்றிக்கொள்ள அம்மனிதருக்கு இடம் இருந்தது. ஒரு பெருந்தொழில் பிறந்தது. வரலாறு அவருடைய பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்து வைத்திருக்கிறது. கொழுந்தை உருட்டிய கைகளுக்குரிய பெயர்கள் எந்த ஏட்டிலும் நிலைக்கவில்லை.

1869 முதல் கோப்பிச் செடிகளை நோய் தாக்கிற்று. அடுத்துவந்த ஆண்டுகளில் திம்புள்ளை, டிக்கோயா, மஸ்கெலியா, நுவரெலியா மலைகள் யாவும் தேயிலையாக மாறின. ஒவ்வொரு தோட்டத்திலும் மேட்டின் உச்சியில் ஒரு பங்களா எழுந்தது. அதற்குள் துரையின் அலுவல் அறை ஒன்று இருந்தது. பங்களாவுக்கு விறகு கொண்டுபோன அப்பாவுடன் நானும் சிறுவனாக இரண்டொரு முறை சென்றிருக்கிறேன். பின்வாசலில் நின்றபடி கண்ணாடிச் சாளரத்தின் வழியே அந்த அறையைக் கண்டேன். அகன்ற மேசை, அதன்மேல் பச்சைத் துணி, சுவரில் தோட்டத்தின் வரைபடம், அதிலே மலைகளுக்கெல்லாம் இலக்கங்கள், கணப்பு அடுப்பு, கண்ணாடிக் கதவிட்ட அலுமாரி, அதற்குள் தடித்த பேரேடுகள். ஓர் ஆள் மட்டுமே உட்காரும் அந்த அறை, ஏழு பேர் வாழ்ந்த எங்கள் வீட்டைவிடப் பெரிது.

அந்தப் பேரேடுகளில் இருந்தது எங்கள் வாழ்க்கை. யார் எந்த நாள் பிரட்டுக்கு வந்தார், யாருக்கு அரைப்பேர், எத்தனை றாத்தல் கொழுந்து, எவ்வளவு கடன், எந்த ஆண்டில் யார் தோட்டத்தில் பதிந்தார் என்பவையெல்லாம் தோட்டத்துக் காகிதங்களில் எழுதப்பட்டிருந்தன. எழுதப்பட்டவர்கள் நாங்கள், எழுதியவர்கள் வேறு. இந்த வேறுபாட்டின் பொருள் பின்னாளில்தான் எனக்கு விளங்கிற்று.

இனி லயத்துக்கு வருவோம். லயத்துக் காம்பரா ஒன்றின் அளவு, வழக்கமாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. இரட்டை லயமானால் முதுகோடு முதுகாக மறுபுறமும் அதே வரிசை. ஆகையால் பின்சுவரில் சாளரம் வைக்க வழியில்லை. 120 சதுர அடியில் பாட்டி, தாய், தந்தை, நான்கு பிள்ளைகள் என்று ஏழு பேர் படுத்தால் ஆளுக்குப் பதினேழு சதுர அடி. அதிலேயே அடுப்பு, விறகு, கொழுந்துக் கூடை, ஈரம் சொட்டும் கம்பளி, இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு எல்லாம் அடங்க வேண்டும். லயத்தைத் திட்டமிட்டவர்கள், தொழிலாளி எங்கே படுப்பான் என்று மட்டும் கணக்கிட்டார்கள். அவன் எங்கே படிப்பான், எங்கே எழுதுவான் என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. மறுநாள் காலை பிரட்டுக்கு வரத்தக்க உடம்பைப் பேணிவைக்கும் கொட்டகையே அவர்கள் கட்டியது.

மலையக மக்களின் முதல் இலக்கியம் பாட்டாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். பாட்டுக்கு மேசை வேண்டியதில்லை. கொழுந்தெடுக்கும் நிரையில் நின்றபடியே பாடலாம்; பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டே பாடலாம். சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் திரட்டி அச்சேற்றியிராவிடில் அவற்றில் பல காற்றோடு போயிருக்கும். உரைநடைக்கோ, விண்ணப்பத்துக்கோ, கணக்குக்கோ, பரீட்சைக்கோ ஒரு பலகையும் ஒரு விளக்கும் ஒரு மணி நேர அமைதியும் வேண்டும். ஒற்றை அறை வாழ்வின் நெருக்கடியைத் தெளிவத்தை ஜோசப் தம்முடைய ‘மீன்கள்’ சிறுகதையில் அஞ்சாமல் எழுதினார். அந்த நெருக்கடியில் மறைந்துபோகும் பலவற்றுள் எழுதும் இடமும் ஒன்று.

எங்கள் காம்பராவில் மேசை வந்த கதையைச் சொல்கிறேன். எனக்குப் பத்து வயது. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டி ஒன்றை அம்மா காசு கொடுத்து வாங்கித் தலையில் சுமந்து வந்தார். ஒட்டுப்பலகை, ஓரங்களில் தகரப் பட்டை, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பெட்டி. தோட்டத்தின் பெயரும் நிறையும் கறுப்பு மையில் அச்சிடப்பட்ட பக்கத்தை மேலே வைத்தால் மேசை. திறந்த பக்கம் முன்னால் இருந்ததால் அதுவே புத்தகத் தட்டும் ஆயிற்று.

அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “அந்த எடத்துல ஒரு ஆளு படுக்கலாமே” என்றார். அவர் சொன்னது பிழையான கணக்கன்று. பெட்டி இருந்த இடத்தில் அப்பாயி படுப்பது வழக்கம்.

“ஆளு படுக்கிற நேரத்துக்கு வெளிய எடுத்து வெச்சாப் போச்சு. அதுவரைக்கும் புள்ள படிக்கட்டும்” என்றார் அம்மா.

அவ்வாறே நடந்தது. இரவு எட்டு மணிவரை அது மேசை. அதற்குப் பிறகு அது இஸ்தோப்புக்குப் போகும். அப்பாயியின் பாய் விரியும். மேசையின் பின்னிருந்த சுவர் புகையால் கறுத்திருந்தது. அம்மா சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்து அந்த ஒரு துண்டுச் சுவருக்கு மட்டும் பூசினார். அதன்மேல் பழைய ‘வீரகேசரி’த் தாள்களைக் கஞ்சியால் ஒட்டினார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆகையால் சில தாள்கள் தலைகீழாக அமைந்தன. அவற்றைக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தேன். பால் டின்னில் ஒரு செவ்வந்திச் செடி. குப்பி விளக்கு என் எழுதும் கையின் நிழல் தாளில் விழாதவாறு இடப்புறம். இன்றைய சஞ்சிகைகள் கூறும் நிறம், ஒளி, செடி, சுவரலங்காரம் ஆகிய அனைத்தையும் எழுத்தறியாத ஒரு கொழுந்துக்காரி 1963இல் தாமாகவே கண்டறிந்திருந்தார். ஏழைக்கு அழகுணர்ச்சி இல்லை என்போர் ஒரு முறை லயங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

எங்கள் பெட்டி விரைவிலேயே லயம் முழுவதற்கும் அலுவலகமாயிற்று. கோடியிலிருந்த தொங்கல் காம்பராவில் வசித்தவர் தோட்டத்தின் சங்கத் தலைவர். அம்மா அவரை அண்ணே என்பார். எனக்கு அவர் மாமா. சந்தா ரசீதுப் புத்தகமும் மனுக்களின் பிரதிகளும் அவரிடம் இருந்தன. அவற்றை விரித்து எழுத இடமில்லை. என் பாடம் முடிந்ததும் அவர் வந்து பெட்டியின் முன் சம்மணமிட்டு அமர்வார். தமிழகத்து உறவினருக்குக் கடிதம், கூரை ஒழுகுகிறது என்று மனு, பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம் என்று ஒவ்வொருவராக வந்து தம் குறையைச் சொல்வர். எழுதி முடித்ததை அவர் உரக்கப் படித்துக் காட்டுவார். எழுத்தறியாதவர்கள் தம் சொற்களே தாளிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

இத்தகைய மூலைகள் மலைநாடெங்கும் இருந்தன. 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய நாள் முதல், எழுத்தும் அச்சும் இம்மக்களின் படைக்கலங்கள் ஆயின. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான காலத்தில் தோட்டந்தோறும் சங்கங்கள் வேர்விட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சங்கங்களின் கிளைகளுக்குக் கட்டடம் ஏது? தோட்டத்து நிலத்தில் அவர்களுக்கு ஓர் அடியும் சொந்தமில்லை. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பலகை, ஒரு விளக்கு. இவையே தொழிலாளியின் அலுவலகம்.

காகிதம் வைக்க ஓர் இடம் இல்லாதது எவ்வளவு பெரிய கேட்டை விளைவிக்கும் என்பதை எங்கள் மக்களின் குடியுரிமை வரலாறு காட்டுகிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது போல் தோன்றியது. ஆனால் 1946 சனவரி முதல் நாளுக்கு முன் தொடர்ச்சியாக, திருமணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இலங்கையில் வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டும். எதைக்கொண்டு மெய்ப்பிப்பது? தாத்தா காலத்துக் காகிதங்கள் மழையில் ஊறின, கறையான் தின்றது, அடுப்புப் புகையில் பொடிந்தன. மிச்சமிருந்த சான்று பங்களாவின் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. தன் சொந்த வாழ்நாளுக்கான சாட்சியத்தைத் தொழிலாளி துரையிடமே கையேந்திப் பெற வேண்டியதாயிற்று. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. அச்சட்டத்தின்கீழ் குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. சட்டத்தின் உள்நோக்கமே இதற்கு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஈரம் புகாத ஒரு பெட்டி இல்லாத குடும்பத்தை வீழ்த்துவது அச்சட்டத்துக்கு எளிதாயிற்று.

என் பெற்றோரின் விண்ணப்பமும் சான்று போதாது என்று தள்ளப்பட்டதே. 1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று இரு அரசுகளும் மனிதரை எண்ணிப் பங்கிட்டுக்கொண்டன. அந்த ஆண்டுகளில் எங்கள் பெட்டியின் முன்னால் இரவு பத்து மணிவரை ஆட்கள் காத்திருந்தனர். இலங்கைக்கு ஒரு படிவம், இந்தியாவுக்கு ஒரு படிவம். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு மற்றொன்று. அப்பாயி பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

தலைவர் மாமாவின் குடும்பத்துக்கு இந்தியா கிடைத்தது. 1973இல் அவர்கள் ஹட்டனில் கோச்சி ஏறினார்கள். தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் போக வேண்டும். புறப்படுவதற்கு முதல் நாள் மாலை அவர் மனுப் பிரதிகளையும் லயத்தாரின் சான்றிதழ்கள் சிலவற்றையும் ஒரு எண்ணெய்ச் சீலையில் சுற்றி எங்கள் பெட்டிக்குள் வைத்தார். “மருமகனே, கடுதாசி நனையாமப் பாத்துக்க” என்றார். பிரிவைப் பற்றி வேறொன்றும் அவர் சொல்லவில்லை. நான் கற்ற எல்லாப் பாடங்களுள்ளும் அந்த ஒரு வாக்கியத்தையே பெரிதாக மதிக்கிறேன்.

நான் ஆசிரியனானேன். 1907ஆம் ஆண்டிலேயே தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு ஏற்பாடு செய்யும் கடமையைச் சட்டம் துரைமார்மேல் சுமத்தியிருந்தது. அதன் பயனாக எழுந்தவற்றில் பல, ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் கொண்ட லயப் பள்ளிக்கூடங்கள். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் வாசலுக்கு வெளியே நின்றன. 1977க்குப் பிறகே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. பள்ளிக்குச் சுவரும் வாங்கும் வந்தன. ஆசிரியர் தொகையும் பெருகிற்று. ஆயினும் மாலையில் பிள்ளை திரும்பிப் போகும் காம்பரா அதே பத்துக்குப் பன்னிரண்டாகவே இருந்தது.

வீட்டுப் பாடம் செய்யாமல் வந்த மாணவனைப் பார்த்து “ஏன் எழுதவில்லை?” என்று கேட்பது ஆசிரியரின் வழக்கம். “எங்கே உட்கார்ந்து எழுதுகிறாய்?” என்று கேட்கத் தொடங்கிய பிறகு எனக்குக் கிடைத்த விடைகள் ஒரு நூலாகும். ஒருத்தி இஸ்தோப்புப் படியில், தெருவிளக்கு அணையும் வரை எழுதினாள். ஒருவன் கோயில் மண்டபத்தில் எழுதினான். தென்மேற்குப் பருவமழையில் தகரக் கூரையின் இரைச்சலால் வாய்விட்டுப் படிக்க இயலாது என்றான் வேறொருவன். அண்ணன் குடித்துவிட்டு வருவதற்குள் புத்தகத்தை மூடிவிட வேண்டும் என்றாள் இன்னொருத்தி. இவர்கள் மந்தமானவர்கள் அல்லர். பரீட்சைப் பெறுபேறு வெளிவரும்போது மதிப்பெண் இவர்களுடைய பெயருக்கு நேரே எழுதப்படுகிறது. காம்பராவின் அளவு அங்கே எழுதப்படுவதில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்த உண்மை இன்னும் கூர்மையாயிற்று. வீட்டையே வகுப்பறையாக்குங்கள் என்று ஊரெல்லாம் கூறிற்று. மலையகத்தில் வீட்டுக்கு ஒரு கைப்பேசி இருந்தாலே பெரிது. இருந்த பேசிக்கும் அலைவரிசை எட்டவில்லை. பிள்ளைகள் பாறைமேலும் தேயிலை மேட்டிலும் ஏறி நின்று பாடம் கேட்டனர். அவர்களின் தாய்மாருக்கோ வீட்டிலிருந்து வேலை என்ற சலுகையே இல்லை; கொழுந்தை வீட்டிலிருந்து பறிக்க முடியாது. உலகம் வீட்டுக்குள் ஒடுங்கியிருந்தபோது அவர்கள் நிரையிலேயே நின்றார்கள்.

மாற்றமே நிகழவில்லை என்று நான் கூறமாட்டேன். 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கிற்று. 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்னும் கொள்கை உருவாயிற்று. இந்திய உதவியுடன் தோட்டப் பகுதிகளில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வுட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏறத்தாழ 550 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை, கழிப்பறை. லயத்தை அறிந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது விளங்கும். ஆயினும் பல்லாயிரம் குடும்பங்கள் இன்னமும் லயங்களிலேயே வாழ்கின்றன. அதே வேளையில் நோர்வுட், காசல்ரீப் பக்கத்துப் பழைய பங்களாக்கள் சில 2005 முதல் உல்லாசப் பயணிகளின் விடுதிகளாக மிளிர்கின்றன. அங்கே பழைய காலத்து அழகு பாதுகாக்கப்படுகிறது, தவறில்லை. பங்களாவைப் பாதுகாக்கும் அக்கறையில் பாதியேனும் லயத்துக் கூரையின்மேல் விழுந்திருக்கலாம் அல்லவா?

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் நான் சொல்ல விரும்புவன சில. புது வீடு கிடைத்த குடும்பத்தார் தொலைக்காட்சிப் பெட்டிக்கு இடம் குறிக்கும் முன்னர் மேசைக்கு ஓர் இடம் குறிக்கச் சொல்லுங்கள். மூன்றடிக்கு இரண்டடிப் பலகை போதும். நாற்காலி இல்லையென்றால் தரையில் அமர்ந்து எழுத ஓரடி உயரம் சரியாக இருக்கும். சாளரத்து ஒளி, எழுதும் கையின் நிழல் தாளில் விழாதவாறு பக்கவாட்டில் வரட்டும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் புத்தகத் தட்டை ஒட்டவைக்காதீர்கள்; மூன்று விரல் இடைவெளி விட்டால் பூஞ்சணம் பிடிப்பது குறையும். குடும்பத்தின் சான்றிதழ்கள் அனைத்தும் ஈரம் புகாத ஒரே பெட்டியில், எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். லயத்தில் வாழ்வோருக்காகப் பிள்ளைக்காம்பராவையோ பள்ளி அறையையோ மாலை ஆறு முதல் எட்டு மணிவரை திறந்துவைக்கக் கேளுங்கள். சிறு பிள்ளைகள் வீடு திரும்பியபின் அக்கட்டடங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன. விளக்குக்கு ஆகும் செலவை ஒரு சங்கக் கிளை தாங்கும்.

இவையெல்லாம் சிறு ஏற்பாடுகள். இவற்றால் கூலி உயராது. காணி உறுதி கைக்கு வராது. அவற்றுக்குப் போராட்டமே வழி. ஆனால் போராட்டத்துக்கும் மனு எழுத வேண்டும். கணக்குப் பார்க்க வேண்டும். சட்டத்தைப் படிக்க வேண்டும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எங்கள் கணக்கைப் பிறர் மேசையில் பிறர் எழுதினார்கள். இனி நாங்களே எழுதுவோம். அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பலகை வேண்டும். அது தூக்கத்துக்காக அகற்றப்படாமல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். வீட்டு வரைபடம் போடுகின்ற பொறியியலாளர்களே, கட்டிலும் அடுப்பும் குறித்த அந்தத் தாளில் மேசையையும் ஒரு கட்டம் போட்டுக் குறித்துவிடுங்கள்.